குளிர் தீண்டிய ஒட்டுக்கள்ளி

பூஞ்செடிகள் விற்கும் கடைகளில் விந்தையான ஒரு சிறு செடியை நேயர்கள் பலர் கண்டிருப்பர். மூன்று பட்டை கொண்ட பச்சைத் தண்டு ஒன்று ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக நிற்கும். அதன் உச்சியிலே குங்குமச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஓர் உருண்டை அமர்ந்திருக்கும். வாங்கிச் செல்வோரிற் பலர் அவ்வுருண்டையைப் பூவென்றே எண்ணுகின்றனர். அது பூவன்று, தண்டும் உருண்டையும் ஒரே செடியுமல்ல. இரு வேறு கள்ளிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி வளர்த்த ஒட்டுக்கன்று அது. வளவிலே ஒட்டுமாங்கன்று நட்டு வளர்த்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. ஆயின் ஒட்டுமாவுக்கும் இக்கள்ளிக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. மாவிலே மேலே வைத்த ஒட்டுமுளை தழைத்து, தன் இலைகளால் உணவு ஆக்கி, தானும் வளர்ந்து வேரையும் வளர்க்கிறது. கள்ளியின் சிவந்த தலையோ தனக்கு வேண்டிய உணவில் ஒரு துளியையும் தானாக ஆக்க வல்லதன்று. அதனிடம் பச்சையம் இல்லை. கீழே நிற்கும் ஒட்டுக்கட்டை இருவருக்குமாக உழைக்கிறது.

இச்செடியின் வரலாறு 1941ஆம் ஆண்டில் யப்பானிலே தொடங்குகிறது. பராகுவே நாட்டுக் கள்ளியினம் ஒன்றின் விதைகளை முளைக்கவைத்த எயிஜி வத்தனபே என்பவர், சுமார் 10,000 நாற்றுக்களின் நடுவே பச்சை நிறமே இல்லாத செந்நிற நாற்றுக்கள் ஒரு சில இருப்பதைக் கண்டார். அத்தகைய நாற்றுக்கள் விதையிலே இருந்த உணவு தீர்ந்தவுடன் மாண்டுபோவதே இயற்கை. வத்தனபே அவற்றை எடுத்துப் பச்சைக் கள்ளியின் தலையில் ஒட்டிவிட்டார். அவை பிழைத்தன, பக்கங்களிற் குட்டிகள் ஈன்றன, அக்குட்டிகளும் ஒட்டப்பட்டன. செந்நிறப் பியோனி மலர் என்னும் பொருள்பட 'ஹிபோத்தன்' என்று யப்பானியர் அதற்குப் பெயரிட்டனர். பின்னர் தென்கொரியர் இத்தொழிலைப் பெரிதாக வளர்த்தனர். இன்று உலகச் சந்தைக்கு வரும் நிறக்கள்ளிகளிற் பெரும் பங்கு அந்நாட்டுக் கண்ணாடி வீடுகளில் ஒட்டப்பட்டவையே.

இங்கே கள்ளி என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். கீறினாற் பால் வடியும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறொரு குலத்தவை. பால் இல்லாத உண்மைக் கள்ளிகளின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். வரண்ட கடற்கரைகளில் மண்டிக் கிடக்கும் நாகதாளியும் அங்கிருந்து வந்து குடியேறியதே. அக்கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் உண்மைக் கள்ளி ஒன்றே ஒன்றுதான். மரக்கிளைகளைப் பற்றிக் கயிறுபோலத் தொங்கும் 'றிப்சாலிஸ்' என்னும் அச்செடி ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் காணப்படுகிறது. இப்பெயர்க் குழப்பத்தைத் தெளிவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு: பால் வடியும் கள்ளியின்மீது உண்மைக் கள்ளியை ஒட்ட முயன்று ஏமாந்தவர் சிலரல்லர். குலம் வேறாயின் ஒட்டு ஒருபோதும் பிடிக்காது.

தண்டாக நிற்கும் ஒட்டுக்கட்டை பெரும்பாலும் ஒரே இனம். 'டிராகன் பழம்' என்று சந்தையிலே விற்கப்படும் பழத்தைத் தரும் கொடிக்கள்ளியே அது. வெட்டி நட்டால் விரைவில் வேர்விடும், சாறு நிறைந்தது, விரைவாக வளர்வது. விற்பனைக்காக ஆயிரக்கணக்கில் ஒட்டுவோர் இதைவிட வாய்ப்பான கட்டையைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அது வெப்பநாட்டு ஈரக்காட்டிலே மரம் ஏறி வளரும் கொடி. குளிர் என்பதை அது அறியாது. மேலே இருக்கும் சிவந்த தலையோ, வேரடி மண் உலர்ந்திருந்தால், 5 பாகை செல்சியஸ் வரையுள்ள குளிரைப் பெரிதும் துன்பமின்றித் தாங்கும் இனம். ஆகவே குளிர் வரும்போது முதலில் அடிபடுவது தலையன்று, கால். பார்ப்பவர் கண்ணோ எப்பொழுதும் தலையின்மேலேயே இருக்கிறது. கட்டை உள்ளே அழுகிக்கொண்டிருக்கையிலும், சேமித்த நீரின் வலியால் அத்தலை பல நாட்கள், சிலவேளை சில கிழமைகள், செக்கச் செவேலெனப் பொலிந்து நிற்கும். செடி நலமாயிருக்கிறதென்று வீட்டார் நம்பியிருப்பர். தலை சுருங்கத் தொடங்கும்போது காலம் கடந்துவிடுகிறது.

குளிர் இருவகையாகச் செடியைத் தாக்குகிறது. ஒன்று உறைதல். வெப்பம் 0 பாகைக்குக் கீழே இறங்கும்போது இழையங்களில் உள்ள நீர் பனிக்கட்டியாகி, கலங்களின் நீரை வெளியே இழுத்தும் மென்சவ்வுகளைக் கிழித்தும் அவற்றைக் கொல்கிறது. மற்றையது உறையாமலே நேரும் குளிர்க்கேடு. வெப்பநாட்டுச் செடிகளின் மென்சவ்வுகள் 10 பாகையளவிலேயே நெகிழ்ச்சி குன்றி, தம் தொழிலை ஒழுங்காகச் செய்ய மாட்டாதவை ஆகின்றன. ஓரிரவு அவ்வாறு கழிந்தாற் பெரிய தீங்கில்லை. பல நாட்கள் தொடர்ந்தாற் கட்டை நலிகிறது. வேர்கள் நீரை உறிஞ்சுவதை நிறுத்துகின்றன. அந்நிலையில் மண் ஈரமாக இருந்துவிட்டால், பங்கசும் பற்றீரியாவும் நலிந்த வேரின் வழியே உள்ளே புகுந்துவிடுகின்றன. குளிர் தனியே கொன்ற கள்ளிகளைக் காட்டிலும், குளிரும் ஈரமும் கூடிக் கொன்றவையே அதிகம்.

கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் இத்துன்பத்துக்கு இடமில்லை. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே அமைந்த நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் அதிகாலைகளிற் புல்வெளிமீது உறைபனி வெண்மையாகப் படிவதுண்டு. காற்று அசையாத, மேகம் மூடாத இரவே அதற்கு ஏற்றது. நிலத்தின் வெப்பம் தடையின்றி வானை நோக்கிச் சென்றுவிட, குளிர்ந்து கனத்த காற்று மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்திலே தேங்குகிறது. ஆகையால் ஒரே வளவில் மேட்டிலிருந்த செடி தப்ப, பத்தடி கீழே இருந்த செடி கருகுவது வியப்பன்று. தாழ்வாரத்துக் கூரையின் கீழோ மரநிழலிலோ வைத்த சாடி, திறந்த வெளியில் வைத்ததைவிடப் பெரிதும் பாதுகாப்பானது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறி வாழ்வோரின் வீடுகளில் நேரும் இழப்பு வேறு விதமானது. வீட்டுக்குள்ளே வெப்பம் இருந்தாலும், இரவிலே திரைச்சீலையை இழுத்து மூடும்போது செடி திரைக்கும் கண்ணாடிக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்கிறது. அறையின் வெப்பம் அதனைச் சென்றடைவதில்லை. வீட்டார் கணப்பின் அருகே துயிலும்போது, செடி பனிகாலத்து இரவைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கழிக்கிறது.

குளிர் தீண்டிய மறுநாட் காலை, கட்டையின் தோலில் எண்ணெய்பட்ட கடதாசிபோல ஒளி ஊடுருவும் திட்டுக்கள் தோன்றும். தொட்டால் நீர் கோத்ததுபோல் இருக்கும். அவை இரண்டொரு நாளில் மண்ணிறமாகி, பின்னர் கருகும். உறையாத குளிர்க்கேட்டில் இவ்வளவு விரைவு இல்லை. கட்டை மஞ்சளித்து, பட்டைகள் மெலிந்து, ஒரு கிழமைக்குப் பின்னரே அடியிலே மென்மை தட்டும். இவ்வேளையில் அன்புள்ளவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. வாடிய செடியென்று நீர் வார்ப்பது ஒன்று. குளிர்ந்த செடியென்று நேர்வெயிலில் வைப்பது மற்றொன்று. உறிஞ்ச மாட்டாத வேருக்கு வார்த்த நீர் அழுகலுக்கே உணவாகும். உறைந்த இழையத்தின்மீது சுடுவெயில் பட்டால், மெல்லத் தெளிந்து பிழைத்திருக்கக்கூடிய கலங்களும் மடியும். செடியை 15 பாகைக்குக் குறையாத நிழலான இடத்துக்கு மாற்றி, மண்ணை உலரவிட்டு, மூன்று நாலு நாட்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே முறை. இறந்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் இடையிலான எல்லை அதன் பிறகே தெளிவாகும். எல்லை தெரியுமுன் கத்தியை எடுப்பவர், வாழக்கூடிய பகுதியையும் வெட்டிவிடுவார். சாகின்ற பகுதியையும் விட்டுவிடுவார்.

ஆயின் இப்பொறுமைக்கு ஒரு விலக்கு உண்டு. ஒளி ஊடுருவும் திட்டு, தலையும் கட்டையும் பொருந்தும் இடத்தை எட்டியிருந்தாலோ, கட்டையின் மென்மை நாளுக்கு நாள் மேலேறினாலோ காத்திருத்தல் கூடாது. அழுகல் மூட்டுக்கு வந்துவிட்டால் அங்கிருந்து தலைக்குட் புக அதிக நேரம் எடுக்காது.

எல்லை தெரிந்தபின், தோலிலே மட்டும் வடுப்பட்டு, அவ்விடம் தக்கைபோல உலர்ந்து உறுதியாக இருந்தால், செய்ய வேண்டியது எதுவுமில்லை. அழகு கெட்டதென்று அவ்வடுவைச் சுரண்டி எடுப்பது புண்ணை மீண்டும் திறப்பதாகும். அடிப்பகுதி மட்டும் அழுகி, மேலே நாலு விரலளவேனும் பசுமையான கட்டை எஞ்சியிருந்தால், அது நற்பேறு. நல்ல பகுதியில் வெட்டி, தலையைப் பிரிக்காமலே, நிழலில் ஒரு கிழமை முதல் இரு கிழமை வரை உலரவைத்து, வெட்டுவாயில் தோல் படிந்தபின் பருமணலில் ஊன்றலாம். வெப்பமான இடமாயின் சில கிழமைகளிற் புதுவேர் விடும். கட்டை முழுவதும் கெட்டிருந்தால் மட்டுமே மூன்றாவது வழி: தலையைக் கழற்றி வேறொரு கட்டையில் ஒட்டுதல்.

கழற்றுமுன்னரே புதிய கட்டை ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வேரூன்றி, வளர்ச்சியிலே இருக்கும் கட்டையே உதவும். குளிரில் உறங்கும் கட்டையிற் சாறு ஓடாது, ஒட்டும் பிடிக்காது. பனிநாடுகளில் இதுவே பெரிய இடர். பசுமையான தலையாயின் வசந்தம் வரை உலர்வாக வைத்திருக்கலாம். பச்சையமில்லாத தலைக்கு அவ்வளவு தவணை இல்லை. கட்டையை ஒளியும் வெப்பமும் உள்ள அறையிலே சில கிழமைகள் வைத்து எழுப்பியே ஆகவேண்டும். மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இவ்வகையில் ஓர் ஆறுதல் உண்டு. சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள தாழ்நிலத் தோட்டங்களில் டிராகன் கொடி ஆண்டு முழுவதும் உயிரோட்டத்துடன் நிற்கிறது.

கத்தி மெல்லியதாகவும் மிகக் கூர்மையாகவும் இருத்தல் வேண்டும். சவர அலகு சாலச் சிறந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னர் அதனை மதுசாரத்தாலே துடைத்தல் இன்றியமையாதது. முதலில் தலையின் அடியிலிருந்து மெல்லிய வில்லையாக ஒன்றைச் சீவி எடுத்து, வெட்டுமுகத்தை உற்றுநோக்க வேண்டும். நடுவிலே வெளிறிய வளையம் ஒன்று தெரியும். நீரையும் உணவையும் கொண்டுசெல்லும் கலன்கள் அங்கேதான் அமைந்துள்ளன. அவ்வளையத்தில் செம்மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும், நோய் உள்ளே சென்றுவிட்டது என்பது பொருள். அலகைத் துடைத்து இன்னொரு வில்லை சீவ வேண்டும். புள்ளி மறையும் வரை மேலும் மேலும் சீவ வேண்டும். இவ்விடத்தில் பலருக்குக் கை நடுங்கும். தலை சிறுத்துக்கொண்டே போகிறதே என்று கடைசிப் புள்ளியை இரக்கத்தால் விட்டுவிடுவர். கத்தரி விதையளவு எஞ்சிய அந்தப் புள்ளியே பத்தாம் நாள் ஒட்டு முழுவதையும் அழித்துவிடும். பாதியாகக் குறைந்தாலும் மாசற்ற தலையே மேல். அது மீண்டும் பருத்து வளரும்.

கட்டையின் தலையைச் சமமாக வெட்டியபின், மூன்று விளிம்புகளையும் பென்சில் சீவுவதுபோலச் சாய்வாகச் சீவிவிடுதல் வேண்டும். சதை உலர்ந்து சுருங்குவதுபோலத் தோல் சுருங்குவதில்லை. விளிம்பைச் சீவாவிட்டால் நடுப்பகுதி குழிந்து, ஓரம் உயர்ந்து, தலையை மேலே தள்ளிவிடும். பழக்கமில்லாதவர்களின் ஒட்டுக்கள் பிடிக்காமைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பின்னர் இரு முகங்களிலும் காகிதம்போன்ற ஒரு படலத்தை மீண்டும் சீவியெடுத்து, ஈரம் உலருமுன், சிறிது அழுத்தித் திருகினாற்போல வைத்துக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். வளையமும் வளையமும் பொருந்துவதே ஒட்டின் உயிர். இரண்டும் ஒரே அளவினவாயின் நேராக வைக்கலாம். அளவு வேறுபட்டால், தலையைச் சற்றே ஓரமாக நகர்த்தி, ஒரு வளையம் மற்றதை வெட்டிச் செல்லுமாறு வைத்தல் வேண்டும். நட்ட நடுவில் வைப்பது கண்ணுக்கு அழகு. சிறிய வளையம் பெரிய வளையத்துக்குள் எங்கும் தொடாமல் நின்றுவிட்டால் செடிக்கு மரணம்.

இனி, இரண்டு றப்பர் வளையங்களைத் தலையின்மேலாகவும் சாடியின் அடியாகவும் குறுக்கு நெடுக்காக இட்டுப் பிணைத்துவிடலாம். அழுத்தம் நசுக்குவதாகவும் கூடாது, நெகிழ்வதாகவும் கூடாது. வெப்பமான நிழலில் ஒரு கிழமைக்குமேல் அப்படியே இருக்கட்டும். மூட்டிலே ஒரு சொட்டு நீரும் படலாகாது. சுமார் பத்து நாட்களுக்குப் பின் றப்பரை நீக்கும்போது தலை உறுதியாக நின்றால் நல்ல அறிகுறி. ஆனால் அது வெறும் பசையினாலே நிற்பதாகவும் இருக்கலாம். தலையின் சுருக்கம் நீங்கி, நடு உச்சியிலே புதிய சிறு முட்கள் தோன்றும்போதே கலன்கள் இணைந்துவிட்டன என்று கொள்ளலாம்.

கட்டையின் உயரத்தைப் பற்றியும் கவனம் வேண்டும். பசுமையான தலைக்குக் குட்டையான கட்டை போதும். சில காலத்தில் கட்டை மண்ணுள் மறைந்து, தலை தன் காலில் நிற்பதுபோலத் தோன்றும். நிறத்தலைக்கு உணவூட்டும் பச்சைப்பரப்பு கட்டை ஒன்றே ஆதலால், ஒரு சாணளவு விடுவது நன்று. குளிர்ப்பகுதியில் வாழ்வோர் இத்தருணத்தில் கட்டையின் இனத்தையே மாற்றிவிடலாம். எக்குவடோர், பெரு நாடுகளின் அந்தீசு மலைச்சரிவுகளில் 2,000 மீற்றருக்கு மேலே வளரும் 'திரிக்கோசீரியஸ் பச்சனோய்' என்னும் தூண்கள்ளி, கொடிக்கள்ளி மாளும் குளிரைப் பொருட்படுத்தாது. ஒட்டுவோர் பலர் விரும்பும் மெக்சிக்கோ நாட்டு 'மிர்ட்டில்லோகக்டஸ்' வலியது போலத் தோன்றினாலும் குளிரில் அதன் தோலும் கறைபடும். அதனை மலைநாட்டுக்கு ஏற்றதெனச் சொல்வதற்கில்லை.

அரிய இனங்களை விரைந்து வளர்ப்பதற்காக ஒட்டியிருப்போருக்கு மற்றொரு வழியும் திறந்திருக்கிறது. தலை பசுமையானதாயின், அதைச் சீவி உலர்த்தித் தன் வேரிலேயே ஊன்றிவிடலாம். வேர்விட நெடுநாட் செல்லலாம்; சில இனங்கள் மாதக்கணக்கில் வாளாவிருக்கும். இருப்பினும் அவற்றுக்கு அவ்வாய்ப்பு உண்டு. ஹிபோத்தனுக்கு அது அறவே இல்லை. வேர்விட்டாலும் வேரால் நீரைத்தான் பெறலாம். உணவை ஆக்குவது யார்?

நிறக்கள்ளியை ஒட்டுக்கட்டையோடு சேர்த்து எந்நாளும் வைத்திருக்க எண்ணுவதும் பயனற்றது. குளிர் தீண்டாவிடினும், கொடிக்கள்ளியின் மீதிருக்கும் தலை சில ஆண்டுகளிலே நலிவது வழக்கம். ஆகவே அனுபவமுடையோர் தலை நலமாக இருக்கும்போதே அதன் பக்கங்களில் முளைக்கும் குட்டிகளுள் ஒன்றிரண்டைக் கிள்ளி வேறு கட்டைகளில் ஒட்டிவிடுகின்றனர். குளிர் தீண்டிய தலையை முழுதாகக் காப்பாற்ற முடியாதபோதும் இக்குட்டிகளே கடைசி நம்பிக்கை. அடிப்பகுதி முழுவதும் கெட்டு, வளையமெங்கும் புள்ளி பரவியிருந்தாலும், தலையின் தோளிலே பட்டாணியளவாக நிற்கும் குட்டி பெரும்பாலும் மாசற்றே இருக்கும். அதனைச் சவர அலகால் நறுக்கி, அடிமுகத்தைப் பார்த்து, வெண்மையாக இருந்தால் புதுக்கட்டையின் வளையத்தின்மீது வைக்கலாம். இவ்வளவு சிறிய தலைக்கு றப்பர் வளையம் கனக்கும். மெல்லிய பஞ்சுத் துண்டொன்றை மேலே வைத்து இலேசாகக் கட்டினாற் போதும். 1941இல் வத்தனபே தன் நாற்றுக்களைக் காப்பாற்றியபோது அவையும் இப்படிச் சிறியனவாகவே இருந்தன. குட்டி பிடித்துவிட்டதென்பதை அறிய அதிக நாட் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கிழமைகளில் அது பளபளத்து உப்பத் தொடங்கும். அதுவரை சாடியை ஒரு நாளும் இரவுக் குளிரில் வெளியே விடாமல், மண் நன்றாக உலர்ந்தபின் மட்டும், சாடியின் ஓரமாக, காலை வேளையில் நீர் வார்த்து வருதல் வேண்டும்.